குடியேறியோரும் குடியெழுப்பப்பட்டோரும்

'முன்னோடி' என்ற சொல்லை நாம் பெருமிதத்தோடு வழங்குகிறோம். எவரும் செல்லாத வழியில் முதற்கண் சென்றவன் என்பது அதன் பொருள். இலக்கியத்திலும் அறிவியலிலும் இச்சொல்லை ஆள்வதில் இடர்ப்பாடு யாதுமில்லை. ஆயின் நிலத்தைப் பற்றிப் பேசுமிடத்து இதே சொல் ஒரு பொய்யைத் தன்னுள் அடக்கிக் கொள்கிறது. ஒரு நிலத்திற்கு முதன்முதல் வந்தவன் இன்னான் என்று கூறும்பொழுது, அவனுக்கு முன்னர் அங்கு வாழ்ந்தோர் கணக்கில் வாரார் என்பதும் சொல்லாமலே சொல்லப்பட்டுவிடுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புற வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட வரலாற்று நாவல்களை ஆராயப் புகும் எவரும் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு மாணவியின் வினா. லோறா இங்கிள்ஸ் வைல்டர் 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட, புல்வெளியில் அமைந்த சிறிய வீடொன்றைப் பற்றிய நூலை அவள் நூலகத்திலிருந்து பெற்றுப் படித்திருந்தாள். நூலைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், "சேர், அந்தச் சனங்கள் எங்கே போனார்கள்? கதை அவர்களைப் பற்றிப் பிறகு ஒன்றும் சொல்லவில்லையே" என்றாள். நூலின் இறுதிப் பகுதியில், நீண்ட வரிசையாகக் குதிரைகளில் மேற்கு நோக்கிச் சென்று மறையும் ஒசேஜ் மக்களையே அவள் குறித்தாள். நான் வரலாற்றுச் செய்திகள் சிலவற்றைச் சுருக்கிக் கூறினேன். அவள் தலையசைத்துச் சென்றாள். எனக்கோ நிறைவு ஏற்படவில்லை. அவள் வினவியது வரலாற்றைப் பற்றியன்று, கதையைப் பற்றி. கதை ஏன் சொல்லவில்லை என்பதே அவளது கேள்வி. அது விமர்சகன் விடையிறுக்க வேண்டிய கேள்வி.

இத்தகைய நாவல்களை ஆதிக்கக்காரரின் இலக்கியம் என்று ஒரேயடியாக ஒதுக்கித் தள்ளுதல் எளிது. அது விமர்சனமாகாது. இவற்றுட் சிறந்தவை உழைப்பை உண்மையாகச் சித்திரிக்கின்றன. உலக நாவல் இலக்கியத்தின் பெரும் பகுதி விருந்தறைகளிலும் மாளிகைகளிலும் காலங்கழித்திருக்க, இந்நாவல்கள் கலப்பைக்கும் கோடரிக்கும் கதையில் இடமளித்தன. நோர்வேயிலிருந்து 1896இல் அமெரிக்காவிற்கு வந்த ஓ. ஈ. றோல்வாக் என்பார், 1924இலும் 1925இலும் நோர்வேஜிய மொழியில் இரு பகுதிகளாக வெளியிட்டு, 1927இல் 'பூமியில் இராட்சதர்' எனப் பொருள்படும் தலைப்போடு ஆங்கிலத்தில் வெளிவந்த நாவலை இதற்கு எடுத்துக்காட்டலாம். றோல்வாக் தாமே லொபோட்டன் கடலில் மீன்பிடித்தவர். அவருடைய கதைத் தலைவன் பேர் ஹான்சாவும் மீனவனே. 1873ஆம் ஆண்டில் டக்கோட்டாப் பெருவெளிக்கு வந்து சேரும் அவன், மரமற்ற அந்நிலத்தில் புற்கரணைகளை வெட்டி அடுக்கி, வீட்டையும் தொழுவத்தையும் ஒரே கூரையின் கீழ் அமைக்கிறான். பயிர் விளைந்து நிற்கும் வேளையில் வெட்டுக்கிளிப் படை வானத்தை மறைத்து இறங்குகிறது. பனிப்புயலில் ஆடு மாடுகளும் மனிதரும் மடிகின்றனர். இவற்றைப் படிக்கும் எந்த விவசாயியும், அவன் எந்நாட்டவனாயினும், தன் கைகளின் நோவை உணர்வான்.

இம்மனிதர் கொள்ளைக்காரராக வந்தவருமல்லர். ஐரோப்பாவில் நிலமின்றியும் கடன்பட்டும் வாடிய எளியோரே இவருட் பெரும்பாலோர். 1862ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட குடிநிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கியிருந்து பயிரிடுபவருக்குச் சிறு கட்டணத்துடன் 160 ஏக்கர் நிலத்தை உரிமையாக்கியது. குடியுரிமை பெற விரும்புவதாக அறிவித்த அந்நியரும், குடும்பத் தலைமை பூண்ட பெண்களும் அதற்குத் தகுதி பெற்றனர். காலப்போக்கில் ஏறத்தாழ 16 இலட்சம் பேர் இச்சட்டத்தின் வழி நிலவுரிமை பெற்றனர். அவ்வாறு வழங்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 27 கோடி ஏக்கர். உழுபவனுக்கு நிலம் என்ற கோரிக்கையைப் போற்றும் நாம் இதன் முற்போக்கான அமிசத்தை மறுக்க முடியாது.

ஆனால் அரசு கொடுத்த அந்நிலம் அரசுக்கு எங்ஙனம் கிடைத்தது? அதே 1862ஆம் ஆண்டின் கோடையில் மினசோற்றாப் பகுதியின் டக்கோட்டா மக்கள், தம் நிலத்தைப் பெற்றுக்கொண்ட அரசு வாக்களித்த பணமும் உணவும் காலத்தில் வந்து சேராமையாற் பட்டினியுற்றுப் போர்க்கோலம் பூண்டனர். போர் அடக்கப்பட்டது. டிசெம்பர் 26ஆம் நாள் மன்கேற்றோ என்ற ஊரில் 38 டக்கோட்டா ஆடவர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். ஏழைக்கு நிலம் வழங்கும் சட்டத்திலும் அந்தத் தூக்குமேடைக்கான ஆணையிலும் காணப்படும் ஒப்பம் ஒருவருடையதே. தமிழிற் குடியேற்றம் என்ற சொல்லுக்கு அருகிலேயே குடியெழுப்பல் என்ற சொல்லும் இருக்கிறது. எல்லைப்புற நாவல் முன்னதைக் காவியமாக்கியது. பின்னதை அது என்ன செய்தது என்பதே நாம் நோக்க வேண்டியது.

இவ்வகை நாவலின் மூலவருள் ஒருவர் பெனிமோர் கூப்பர். 1823இல் வெளிவந்த அவரது 'முன்னோடிகள்' என்ற நாவல், 1793ஆம் ஆண்டளவில் நியூயோர்க் மாநிலத்தின் ஏரிக்கரை ஊரொன்றை நமக்குக் காட்டுகிறது. கூப்பரின் தந்தையார் நிறுவிய ஊரே அதற்கு மாதிரி. இந்நாவலில் நிலம் யாருக்கு உரியது என்ற வினா வெளிப்படையாகவே எழுகிறது. ஊரை ஆளும் நீதிபதி டெம்பிள் ஒருபுறம். வேடன் நற்றி பம்போவும் டெலவேயர் குலத்து முதியவர் சிங்கச்கூக்கும் மறுபுறம். இவர்களிடையே ஒலிவர் என்ற இளைஞன் வருகிறான். அவனுடலில் ஆதிக்குடியின் குருதி ஓடுகிறதென்று ஊரார் நம்புகின்றனர். நிலத்தின் மீது அவனுக்குள்ள உரிமையும் அவ்வழி வந்ததென்றே வாசகனும் கருதுகிறான். இறுதியில் நிகழ்வது யாது? ஒலிவர் வெள்ளையனே என்பது தெரியவருகிறது. டெலவேயர் மக்கள் தம் குலத்தவராக ஏற்றுக்கொண்ட ஓர் ஆங்கிலப் படை அதிகாரியின் பேரன் அவன். நீதிபதியின் மகளை அவன் மணக்கிறான். நிலத் தகராறு திருமணத்தில் முடிகிறது. கூடை முடைந்து விற்றுக் குடித்துச் சீரழிந்த சிங்கச்கூக் மலையிற் பற்றிய தீயில் உயிர் துறக்கிறார். இரு குடிகளுக்கிடையே எழுந்த வழக்கு ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினையாகச் சுருக்கப்படுகிறது.

எனினும் கூப்பரை இத்தோடு விட்டுவிடுதல் நீதியன்று. குடியேறிகள் புறாக் கூட்டங்களைப் பீரங்கி கொண்டு சுட்டு வீழ்த்தும் அத்தியாயத்தையும், தன் வாழ்நாள் முழுவதும் வேட்டையாடி உண்ட காட்டில் மானொன்றைக் கொன்றதன் விளைவாக முதிய வேடன் சிறைப்படும் அத்தியாயத்தையும் படிப்பவன், புதிய சொத்துரிமைச் சமுதாயத்தின் இரட்டை வேடத்தை அறிந்துகொள்வான். பல கோடியாய்ப் பறந்த அப்புறா இனத்தின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாற்றி மிருகக்காட்சிச் சாலையில் மாண்டது. வரலாற்று நாவலை ஆராய்ந்த லூக்காச், கூப்பரிடத்துக் கண்ட பெருமை குலச் சமுதாயமொன்றின் அழிவை அவர் சித்திரித்த ஆற்றலே. கூப்பர் இழப்பை உணர்ந்தார், உரிமையை உணர்ந்தாரல்லர். சிங்கச்கூக்கிற்காக அவர் கண்ணீர் வடிக்கத் தயார். காணியைத் திருப்பிக் கொடுக்கத் தயாரல்லர்.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின் எழுதிய வில்லா கதர் அம்மையாரிடம் இக்கண்ணீரும் இல்லை. அவர் நெபிராஸ்காவின் றெட் கிளவுட் என்னும் ஊரில் வளர்ந்தவர். லக்கோட்டா மக்களின் பெருந்தலைவர் ஒருவரின் பெயரையே அவ்வூர் தாங்கி நிற்கிறது. 1918இல் வெளிவந்த 'என் அந்தோனியா' நாவலில் பொஹீமியக் குடும்பமொன்றின் துயரம் உயிரோட்டத்துடன் வரையப்பட்டுள்ளது. சொந்த நாட்டானே அவர்களை ஏமாற்றி விலைகூட்டி நிலத்தை விற்கிறான். குளிரையும் தனிமையையும் தாங்கமாட்டாத தந்தை தற்கொலை செய்துகொள்கிறார். மூத்த மகள் ஆடவரோடொப்ப ஏர் பிடிக்கிறாள். ஊரின் வட்டிக்காரன் ஏழைகளின் குருதியை உறிஞ்சுகிறான். இவையாவும் கலையழகு மிக்க யதார்த்தம். ஆனால் இந்நாவலில் ஆதிக்குடிகள் எங்கே? புல்வெளியில் மங்கலாய்த் தெரியும் ஒரு வட்டத்தடம். முன்னொரு காலத்தில் அவர்கள் குதிரையோட்டிய இடமென்று பேசிக்கொள்கின்றனர். கைதிகளைச் சித்திரவதை செய்த இடமென்பர் வேலையாட்கள். குதிரைகளைப் பழக்கிய இடமாகலாம் என்பார் பாட்டனார். அவ்வளவே. ஒரு மக்கட் கூட்டம் புல்லின் மீது ஒரு கோலமாக மாறிவிடுகிறது. மழை எங்ஙனம் இயற்கையோ அங்ஙனமே அவர்கள் மறைந்ததும் இயற்கை எனக் கொள்ளப்படுகிறது. வரலாறு இயற்கையாக வேடமிடும் இடத்திலெல்லாம் விமர்சகன் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இனி, என் மாணவி படித்த நூலுக்கு வருவோம். 1867இற் பிறந்த வைல்டர், தம் குடும்ப வரலாற்றை 1932 முதல் 1943 வரை வரிசையாகக் கதைகளாக்கினார். கன்சாஸ் பகுதியில் அவர்தம் குடும்பம் 1869 தொடக்கம் 1871 வரை வாழ்ந்த இடம் ஒசேஜ் மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம். அங்கு வீடு கட்ட அக்குடும்பத்திற்குச் சட்டப்படி உரிமை இருக்கவில்லை. 1870ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் அந்நிலம் ஏக்கர் ஒன்றேகால் டொலர் வீதம் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒசேஜ் மக்கள் தெற்கே, இன்றைய ஒக்லகோமாவுக்குப் பெயர்ந்தனர். ஆகவே அரசு கட்டளையிட்டமையாற் குடும்பம் வெளியேறியது எனக் கதை கூறுவது நடந்ததற்கு மாறானது. உண்மையில் நிலத்தை இழந்தவர் ஒசேஜ் மக்கள். கதையிலோ இழந்தவராகத் தோன்றுபவர் இங்கிள்ஸ் குடும்பத்தார்.

இந்நூலில் ஓரிடம் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. வெள்ளையர் வந்து குடியேறினால் ஆதிக்குடிகள் மேலும் மேற்கே சென்றாக வேண்டும் என்று தந்தை விளக்குகிறார். அப்படியாயின் அது அவர்களுக்குச் சினமூட்டாதா எனச் சிறுமி கேட்கத் தொடங்குகிறாள். வினா முடியுமுன்னரே தந்தை அவளை உறங்கச் சொல்லிவிடுகிறார். அவ்வத்தியாயம் அங்ஙனமே முடிகிறது. அறிந்தோ அறியாமலோ நூலாசிரியர் தம் இலக்கிய வகை முழுவதன் இரகசியத்தையும் அவ்விடத்தில் வெளியிட்டுவிட்டார். குழந்தையின் வினா எழுவது யதார்த்தம்; அதனை உறங்க வைப்பது கருத்தியல். நெடுங்காலத்தின் பின் என் மாணவி எழுப்பியதும் உறங்க வைக்கப்பட்ட அவ்வினாவையே.

அந்நூலின் தொடக்கத்தில், அப்பகுதியில் மனிதரே இல்லை, ஆதிக்குடிகள் மட்டுமே இருந்தனர் என்ற கருத்துப்பட ஒரு தொடர் இருந்தது. நூல் வெளிவந்து பதினேழு ஆண்டுகள் கழிந்தபின், 1952இல் ஒரு வாசகர் இதனைப் பதிப்பகத்தாருக்குச் சுட்டிக்காட்டினார். வைல்டர் தவற்றை ஒப்புக்கொண்டார். 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மனிதர்' என்பது 'குடியேறிகள்' என மாற்றப்பட்டது. சொல் திருந்தியது, கதையின் கட்டுக்கோப்பு அப்படியே நின்றது. அவர் பெயரால் 1954 முதல் வழங்கப்பட்டுவந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரை அமெரிக்க நூலகர் சங்கமொன்று 2018இல் மாற்றியது. பெயர்களை மாற்றுதல் தேவையாயிருக்கலாம். ஆயின் நூலை வாசிக்கும் முறை மாறாதவிடத்து அதனால் விளையும் பயன் சிறிதே.

அரசின் துணையின்றித் தம் கையாலேயே உயர்ந்தவர் முன்னோடிகள் என்னும் எண்ணமும் இந்நூல் வரிசையாற் பரவியது. நூல்களைச் செப்பனிட்டு உதவிய மகள் றோஸ் வைல்டர் லேன், 1930களில் ஜனாதிபதி றூஸ்வெல்ற்றின் துயர்துடைப்புத் திட்டங்களை முனைந்து எதிர்த்தவர். குடும்பத்தின் உண்மைக் கதையோ வேறு. பார்வையிழந்த மூத்த சகோதரி மேரியின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்தியது டக்கோட்டாப் பிரதேச அரசு. கதையோ குடும்பத்தாரின் சேமிப்பையும் லோறாவின் உழைப்பையும் மட்டுமே பேசுகிறது. நிலத்தைப் பெற்றுத் தந்த படையும், நிலத்தை வழங்கிய சட்டமும், அரசு நிலக்கொடை பெற்ற புகையிரதக் கம்பெனிகளும் இன்றி எல்லைப்புறம் என ஒன்று இருந்திராது. தனிமனித வீரத்தின் பின்னால் அரசு நிற்கிறது. அதனை மறைப்பதும் ஆதிக்குடிகளை மறைப்பதும் ஒரே செயலின் இரு கூறுகள்.

எல்லாக் கலைஞரும் இவ்வாறு தப்பிச் சென்றனரோ? அன்று என்பதற்கு றோல்வாக்கே சான்று. பேர் ஹான்சா தனக்கெனக் குறித்துக்கொண்ட நிலத்தின் மேட்டில் ஆதிக்குடியொருவனின் புதைகுழி இருக்கிறது. ஒருநாள் ஆதிக்குடிகள் சிலர் வந்து அம்மேட்டிற் கூடாரமடிக்கின்றனர். அயலார் நடுங்கியிருக்க, பேர் ஹான்சா சென்று, கையிற் புண்பட்டு வருந்தும் ஒருவனுக்கு மருத்துவம் செய்கிறான். நன்றிக்கடனாக அவனுக்கு ஒரு குதிரை கிடைக்கிறது. பிறிதொருகால் தன் அயலவரின் நிலத்தில் ஐரிஷ்காரரின் பெயர் பொறித்த எல்லைக் கட்டைகளைக் கண்டு, எவரும் அறியாமற் பிடுங்கி மறைத்துப் பின்னர் எரித்துவிடுகிறான். ஐரிஷ்காரரிடம் உரிமைப் பத்திரம் இல்லையென்பது தெரிந்ததும் ஊர் அவனைப் பாராட்டிச் சிரிக்கிறது. அவன் மனைவி பேரெத் மட்டும் சிரிக்கவில்லை. பிறனுடைய எல்லைக் கல்லைப் பெயர்ப்பது மன்னிக்கப்படாத பாவம் என்று தாய்நாட்டில் அவள் கற்றிருந்தாள். அன்றுமுதல் அவளது உள்ளம் சிதையத் தொடங்குகிறது.

பேரெத்தின் சித்தப் பிரமையைத் தனிமையாலும் மதப்பற்றாலும் விளைந்ததென விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் பிழையன்று, போதாதது. புதைகுழியையும் எல்லைக் கட்டையையும் றோல்வாக் ஒரே நூலுள் வைத்தார். இரண்டையும் தொடுத்துக் காட்டினாரல்லர். வாசகன் தொடுக்கலாம். ஐரிஷ்காரனின் மரக்கட்டையைப் பிடுங்குவது பாவமாயின், அம்மேட்டிற் புதையுண்டிருப்பவனின் எல்லையைப் பெயர்த்தது என்ன? அத்தென்கீழ்ப் பகுதியின் ஒரு கோடியே பத்து இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை யாங்க்ரன் மக்கள் 1858இல் உடன்படிக்கையொன்றின் வழி இழந்தனர். 1873இல் வந்த பேர் ஹான்சாவுக்கும் அவர்களுக்குமிடையே பதினைந்து ஆண்டுகளே இருந்தன. தாம் நின்றிருப்பது வெறுநிலமன்று என்பதை அக்குடியிருப்பில் உணர்ந்தவள், ஊர் பித்தி என்று ஒதுக்கிய ஒருத்தியே. அதனாற்போலும் நாவலின் முடிவும் வெற்றி முழக்கமாக அமையவில்லை. பனிப்புயலிற் சென்று மறைந்த பேர் ஹான்சா, இளவேனிலில் வைக்கோற் போரொன்றிற் சாய்ந்தபடி மேற்கு நோக்கிய கண்களுடன் பிணமாகக் காணப்படுகிறான்.

பல்சாக்கின் அரசியற் சார்பு எதுவாயினும், அவருடைய யதார்த்தம் அச்சார்பை மீறி உண்மையை வெளியிட்டது என ஏங்கல்ஸ் 1888இல் ஒரு கடிதத்தில் எழுதினார். றோல்வாக்கிடமும் இதுவே நிகழ்ந்தது. அவர் தம் இனத்தாரின் தியாகத்தைப் பாடவே முற்பட்டார்; ஆனால் கண்டதை மறைக்க அவரது கலை மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். அக்காலத்தவரை இக்காலத்து அளவுகோலால் அளப்பது முறையோ எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே, ஆயின் இங்குப் பொருந்தாது. அரசு உடன்படிக்கைகளை மீறிய வரலாற்றை ஹெலன் ஹன்ற் ஜாக்சன் அம்மையார் 1881இலேயே நூலாக எழுதி வெளியிட்டுவிட்டார். சமாதியையும் கட்டைகளையும் கண்ட றோல்வாக்கும் அக்காலத்தவரே. எனவே அக்காலத்தில் எவருக்கும் தெரியாது என்பது வாதமாகாது. 1890 டிசெம்பர் 29இல் வூண்டட் நீ என்னுமிடத்தில் பெண்களும் குழந்தைகளுமாக 150 லக்கோட்டா மக்களுக்குக் குறையாதோர் படையினராற் கொல்லப்பட்டனர். மூன்றாண்டுகள் கழியுமுன் சிக்காகோவில் வரலாற்றாசிரியர் பிரெடெறிக் ஜாக்சன் ரேணர், அமெரிக்க ஜனநாயகத்தின் ஊற்றுக்கண் எல்லைப்புறமே என்ற தம் புகழ்பெற்ற கட்டுரையைப் படித்தார். அறியாமைக்கும் காணாமைக்கும் வேறுபாடு உண்டு.

மேலும், குடியெழுப்பப்பட்டோரும் இன்று எழுதுகின்றனர். பிளக்பீற் மரபில் வந்த ஜேம்ஸ் வெல்ச் 1986இல் வெளியிட்ட நாவல், 1870 ஜனவரியில் மொன்ரானாவின் மறையாஸ் ஆற்றங்கரையில் நிகழ்ந்த படுகொலையை அம்மக்களின் நோக்கிலிருந்து நமக்குக் காட்டுகிறது. ஒஜிப்வே மரபினரான லூயிஸ் எர்ட்றிக் 1999இல் வெளியிட்ட சிறுவர் நாவல், 1847ஆம் ஆண்டில் சுப்பீரியர் ஏரித் தீவொன்றில் வாழும் ஒமக்காயாஸ் என்ற ஏழு வயதுச் சிறுமியின் கதை. மரப்பட்டை வீடு கட்டுதல், தோல் பதனிடுதல், வெல்லப்பாகு காய்ச்சுதல் என உழைப்பின் நுணுக்கங்கள் வைல்டரின் நூலில் போலவே இதிலும் நிரம்பியுள்ளன. வாசிக்கும் பிள்ளை அதே மகிழ்ச்சியை அடைகிறது. பெரியம்மை வருகிறது, அடுத்த நூலில், நிலத்தை விட்டகலுமாறு அரசின் கட்டளை வருகிறது. வைல்டரின் நூலிற் குதிரையேறி மறைந்தோர், தாமும் வீடு கட்டியவர், தாமும் குளிர்காலத்திற்கு உணவு சேமித்தவர் என்பது இங்கே தெளிவாகிறது. முதலாவது குடும்பத்தின் உழைப்பை இது சிறுமைப்படுத்தவில்லை. உழைப்பே உரிமைக்கு ஆதாரமாயின், அவ்வாதாரம் இருவருக்கும் பொது என்பதையே நிறுவுகிறது.

எல்லைப்புற நாவலின் தரத்தை அளக்க வேண்டிய இடமும் இதுவே. உழைப்பை எத்துணைச் சிறப்பாகச் சித்திரித்தது என்பது முதற் கேள்வி. அவ்வுழைப்பு எவருடைய நிலத்தின் மீது நிகழ்ந்தது என்று கேட்க வாசகனை அனுமதித்ததா என்பது இரண்டாவது கேள்வி. முதலாவதோடு நின்றுவிடும் நூல் இனிய நூலாகலாம். வரலாற்று நாவல் என்ற பெயருக்கு அது முழுத் தகுதி பெறாது. மனிதர்க்கும் இயற்கைக்குமிடையே நிகழும் போராட்டத்தைக் காட்டி, மனிதர்க்கும் மனிதர்க்குமிடையே நிகழ்ந்த போராட்டத்தை மறைப்பது வரலாற்றின் பாதியை விழுங்குவதாகும்.

எர்ட்றிக்கின் நூலை வரவழைத்து என் மாணவியிடம் கொடுத்தேன். வைல்டரின் நூலைப் படிக்கவேண்டாமென்று நான் கூறவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து மீண்டும் படிக்குமாறே சொன்னேன். ஒரு வாரம் கழித்து வந்தவள், "சேர், இந்தப் பிள்ளையும் அந்தப் பிள்ளையும் சந்தித்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த எந்த நாவலும் அக்கேள்விக்கு நிறைவான விடை தரவில்லை. இனி எழுதப்போகும் ஒருவர் அதற்கு விடை தேடட்டும்.